ஏழாம் கட்டை எங்கே போகிறது?

கட்டுரைக்குள் நுழையும் முன் ஒரு சிறு சோதனை. நமது தேசிய கீதத்தை மனத்துக்குள் பாடுங்கள். தொடக்கப்பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டு, திங்கள் தவறாமல் சபை கூடலில் நின்று பாடிய பாட்டு; சொற்கள் தாமாகவே வந்துவிடும். கடைசி வரி வந்ததும், கடைசிச் சொல்லின் கடைசி அசையை மட்டும் பாடாமல் நிறுத்திவிடுங்கள். (மனத்துக்குள் என்று சொன்னதைக் கவனிக்கவும். 1968ஆம் ஆண்டுத் தேசிய கீதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சபையில் செய்து பார்த்து யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.)

என்ன ஆகிறது? ஏதோ ஒன்று தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று தெரிந்தும் காலைத் தூக்கியபடியே நிற்பது போன்ற நிலை. அந்த ஓர் அசையைப் பாடி முடித்தவுடன் மூச்சு இறங்குகிறது. இசை கற்றவர்தாம் இதை உணர வேண்டும் என்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளையும் உணரும். இந்த இறுக்கமும் அதன் தளர்வும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பியானோவின் துணையோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசிய கீதத்தை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மெட்டு எங்கள் பேராக் மாநிலத்துக்காரர். 1875இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் கொல்லப்பட்டார். அதன் விளைவாக 1877இல் சுல்தான் அப்துல்லா செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். பிரெஞ்சு மொழி புழங்கிய அந்தத் தீவில் கேட்ட ஒரு மெட்டுதான் பிற்பாடு பேராக் மாநில கீதமாகியது என்று சொல்லப்படுகிறது. இடையில் அது 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாகவும் ஊரெங்கும் சுற்றியது. 1947இல் 'மாமுலா மூன்' என்ற பெயரில் ஹவாய் பாணி இசைத்தட்டாகவும் வந்தது. 1957இல் துங்கு அப்துல் ரஹ்மானின் விருப்பப்படி தேசிய கீதமாயிற்று. 1993இல் வேகத்தைக் கூட்டினார்கள். 2003இல் பழைய நடைக்கே திருப்பினார்கள். வேகம் மாறியது, சொற்கள் மாறின, நாடும் மாறியது. ஆனால் கடைசி அசைக்கு முன் வரும் அந்த இறுக்கம் மட்டும் மாறவே இல்லை. ஈப்போவில் பெர்ச்சின் நினைவாக 1909இல் கட்டிய மணிக்கூண்டைக் கடந்து செல்லும்போதெல்லாம் இந்தக் கதை எனக்கு நினைவுக்கு வரும்.

இறுக்கத்தைப் பற்றி எனக்கு முதலில் பாடம் சொன்னவர் என் தாத்தா. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; வெள்ளிக்கிழமை மாலை மாரியம்மன் கோவில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர். விரல் நுனிகளில் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருக்கும். அந்த விரல்களால்தான் எனக்கு ச ரி க ம காட்டிக் கொடுத்தார். அவருடைய சுருதி ஒரு கட்டை. பியானோக்காரர்கள் 'சி' என்று அழைக்கும் வெள்ளைக் கட்டை அது. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் 1 முதல் 7 வரை: ச ரி க ம ப த நி. நமது சங்கராபரணமும் மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலும் ஒன்றே என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

நான் ஏறுவரிசையில் நி வரை போய், அங்கே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பேன். தாத்தா உடனே என் விரலைத் தள்ளிவிடுவார். "நியில நிக்காத பாப்பா. அது வாசப்படி. வாசப்படியில யாராச்சும் நிப்பாங்களா? ஒண்ணு உள்ள போ, இல்ல வெளிய போ."

இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பிற்காலத்தில் படித்த எந்த நூலிலும் காணவில்லை.

இனி அந்த வாசற்படியைச் சற்று அளந்து பார்ப்போம். பியானோவின் நடுவில் உள்ள ச வினாடிக்கு 261.6 முறை அதிர்கிறது. அதன் ப 392. ஏறத்தாழ 2க்கு 3 என்ற விகிதம். ச இரண்டு முறை அதிரும் நேரத்தில் ப மூன்று முறை அதிர்ந்து, இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. காதுக்கு இது இதமாக இருக்கிறது. நடுவில் க (329.6) சேர்ந்தால் 4:5:6 என்ற விகிதத்துக்கு மிக நெருக்கமாக அமைகிறது. ச, க, ப மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்துவதே மேற்கத்திய இசையின் முதல் கார்டு. அதுதான் வீடு.

இப்போது நியையும் மேல் சவையும் ஒருசேர அழுத்துங்கள். நி 493.9, மேல் ச 523.3. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 29. அதாவது ஒலி வினாடிக்கு 29 முறை பெருத்துச் சிறுத்துத் துடிக்கிறது. எண்ண முடியாத வேகம். ஆனால் காதை உரசும். மிக அருகில் இருந்தும் ஒன்றாகாத இரண்டு சுரங்கள். அண்டை வீட்டுச் சண்டைதான் ஊரில் பெரிய சண்டை என்பது போல.

ஆனால் பியானோவின் உண்மையான இறுக்கம் வேறொரு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஈப்போவில் எனக்குப் பியானோ கற்றுத் தந்த சீன ஆசிரியை ஒருநாள் என் இரண்டு விரல்களை எடுத்து மவிலும் நியிலும் வைத்து அழுத்தினார். ம 349.2, நி 493.9. வகுத்துப் பாருங்கள்: 1.414. இரண்டின் வர்க்கமூலம்! எந்த முழு எண் விகிதத்திலும் அடங்காத எண். மவிலிருந்து நிக்கு ஆறு அரைக்கட்டை. நியிலிருந்து மேல் மவுக்கும் ஆறு அரைக்கட்டை. பன்னிரண்டு அரைக்கட்டை கொண்ட ஒரு ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் இடைவெளி அது. இதற்கு டிரைடோன் என்று பெயர். 'இசைக்குள் புகுந்த சாத்தான்' என்றே ஐரோப்பியர் இதை ஒரு காலத்தில் திட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு சுரங்களும் எங்கே போக விரும்புகின்றன? நி அரைக்கட்டை மேலேறி சவுக்கு. ம அரைக்கட்டை கீழிறங்கி கவுக்கு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஆளுக்கு ஓர் அடி எடுத்து வைத்தால், ச-க என்ற வீட்டின் இரு தூண்கள் வந்துவிடுகின்றன. மவும் நியும் சேர்ந்து குடியிருக்கும் கார்டு ஒன்று உண்டு: ப, நி, ரி, ம. ஐந்தாம் கட்டையிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக நான்கு வெள்ளைக் கட்டைகள். மேற்கில் இதனை டாமினண்ட் செவந்த் என்பர். தேசிய கீதத்தின் கடைசி அசைக்கு முன் வாத்தியக் குழு நம் காலடியில் விரித்து வைப்பது இந்தக் கார்டையே. முதல் நூற்றாண்டுக் கதையல்ல இது. நேற்று வானொலியில் ஓடிய விளம்பரப் பாட்டிலும் இருந்திருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. பன்னிரண்டு கட்டைகளில் இத்தகைய எதிரெதிர் இணைகள் ஆறுதான் உண்டு. வீடுகளோ பன்னிரண்டு. ஆகவே ஒவ்வோர் இணைக்கும் இரண்டு வீடுகள். மவும் நியும் மேற்சொன்னபடி நகர்ந்தால் ஒரு கட்டையில் வீடு. திசையை மாற்றி, ம மேலேயும் நி கீழேயும் நகர்ந்தால் நாலரைக் கட்டையில் வீடு! பியானோவில் இதைவிடத் தூரமான இரண்டு ஊர்கள் கிடையாது. ஒரே கூட்டுச் சந்தியில் நின்றுகொண்டு ஈப்போவுக்கும் போகலாம், ஜொகூருக்கும் போகலாம் என்பது போல. ஜாஸ் கலைஞர்கள் இந்தக் குறுக்கு வழியை நம்பித்தான் பாதி வண்டி ஓட்டுகிறார்கள்.

நம் இசையில் இப்படியொரு சிந்தனை இல்லையா என்று தமிழ் மாணவர் கேட்பது இயல்பு. சுரங்களுக்கிடையே இணை, கிளை, நட்பு, பகை என்று உறவு சொல்லி அழைத்தவர்கள் நாம். சிலப்பதிகார உரைகளில் இச்சொற்கள் வருகின்றன. எந்த நரம்புக்கு எது பகை என்ற கணக்கில் இறங்கினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். சுரங்கள் தனித்தனியே நிற்பவையல்ல, ஒன்றுக்கொன்று உறவாகவும் பகையாகவும் நிற்பவை என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதே இங்கே வேண்டியது.

எனினும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கர்நாடக இசையில் தம்பூரா ச-ப-சவை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும். வீடு நகராது, பாடகர்தாம் வெளியே போய்த் திரும்பி வருவார். பியானோவிலோ வீடே நகரும். வலது கையில் சவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையில் கார்டை ச-க-பவிலிருந்து ப-வுக்கு மாற்றிப் பாருங்கள். சற்று முன்வரை வீட்டுத் தலைவராக இருந்த ச, இப்போது அழையா விருந்தாளி ஆகிவிடுகிறது! ப-நி-ரி வீட்டில் அதற்கு இடமில்லை. நியைத் தேடிக் கீழே இறங்கியே ஆக வேண்டும். இதற்கு 'சஸ்பென்ஷன்' என்று பெயர். நம் இசையில் ஷட்ஜம் ஒருபோதும் தவிக்காது. பியானோவில் ஷட்ஜமும் தவிக்கும். மேற்கத்திய ஒத்திசைவு என்ன செய்கிறது என்று யாரேனும் ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏமாற்றும் வழிகளும் உண்டு. ப-நி-ரி-ம வாசித்துவிட்டு, எல்லாரும் ச-க-பவுக்குக் காத்திருக்கையில் ஆறாம் கட்டைக்குப் போய் த-ச-க வாசித்தால் என்ன? நி சவுக்குப் போய்விட்டது. ம கவுக்குப் போய்விட்டது. ஆனால் அடித்தளத்தில் த. சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டினோம், திறந்தவர் வேறு ஆள். திரைப்பாடல்களில் சரணம் முடியும் தறுவாயில் மனம் திடீரென்று கனக்கிறதென்றால் பல வேளை இந்தக் கைவரிசையாக இருக்கும்.

தேவாலயங்களில் பாட்டு முடிந்ததும் 'ஆமென்' பாடுவார்களே, அது வேறு வகை. ம-த-சவிலிருந்து ச-க-பவுக்கு வருவது. அதில் நி கிடையாது. ஆகவே வாசற்படியும் கிடையாது. திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போவது போன்ற சாவகாசம். சிலிபின் லூர்து மாதா ஆலயத்துப் பக்கம் வளர்ந்த நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காக்க வைப்பதில் கெட்டிக்காரர் பாக். 1722ஆம் ஆண்டு அவர் தொகுத்த 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' முதல் நூலின் முதல் துண்டு 35 தாளக்கட்டுகள் கொண்டது. மெட்டு என்று பாடிக்காட்ட எதுவும் இல்லை. கார்டுகளை உதிர்த்துக்கொண்டே போகிறார். 24ஆவது கட்டில் அடிச்சுரமாக பவைப் பிடிக்கிறார். எட்டுக் கட்டுகள் விடவில்லை. மேலே என்னென்னவோ வந்து போகின்றன. கீழே நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல ப மட்டும். பிறகு 32இல் சவுக்கு வருகிறார். 'அப்பாடா' என்று நாம் சாயும் அதே நொடியில் மேலே கைசிகி நிஷாதத்தைச் சேர்த்து இன்னொரு முடிச்சைப் போட்டுவிடுகிறார்! வாக்னர் இந்தக் கலையை எல்லைவரை கொண்டுபோனார். 1865இல் மேடையேறிய அவருடைய 'டிரிஸ்டான்' இசைநாடகத்தில் தொடக்கத்தில் விழும் முடிச்சு ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்துத்தான் அவிழ்கிறது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தோட்டத்துக்கு இந்த ஒத்திசைவைக் கொண்டுவந்தவர் பாக் அல்லர், இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976இல் 'அன்னக்கிளி' தந்தவர். நாட்டுப்புற மெட்டு மேலே ஓட, கீழே பேஸ் கிட்டார் ஒரே சவைப் பிடித்துக்கொண்டிராமல் நடந்துகொண்டே இருக்கும். லயன் வீட்டு வானொலிப் பெட்டியில் அது சரியாகக் கேட்காது; ஆனால் விளைவு கேட்கும். 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் பாக் தம் வீட்டுக்கே வந்ததாகப் பெயரிட்ட துண்டு ஒன்று இருக்கிறது. பியானோ பழகுவோர் அதையும் பாக்கையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

தோட்டம் கைமாறிச் செம்பனைக்குப் போனபின் நாங்கள் ஈப்போ புந்தோங்குக்குக் குடிபெயர்ந்தோம். ஆர்மோனியமும் லாரியில் வந்தது. வந்த வழியிலோ என்னவோ, நடு ஸ்தாயியின் ஏழாம் கட்டை செத்துப்போயிற்று. அழுத்தினால் வெறும் காற்று. பழுது பார்க்கலாம் என்றால் தாத்தா, "இருக்கட்டும், அத நான் பாடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் பாடியும் வந்தார். விரல் ஏழாம் கட்டையில் இருக்கும். குரலிலிருந்து நி வரும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கையில் எங்கள் கலை இரவுக்குப் பாட்டியின் தாலாட்டு ஒன்றைப் பியானோவுக்கு அமைத்தேன். பாட்டி தோட்டத்தில் பெரட்டுக்குப் போகுமுன் இருட்டிலேயே எழுந்து, ஏணையை ஆட்டிக்கொண்டே பாடிய பாட்டு. நான் கற்ற வித்தையை எல்லாம் அதில் இறக்கினேன். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ப-நி-ரி-ம, பிறகு வீடு. மண்டபத்தில் நல்ல கைத்தட்டல். ஒலிப்பதிவைத் தாத்தாவிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தூங்குற புள்ளைய ஒவ்வொரு வரிக்கும் எழுப்பி எழுப்பித் தூங்க வைக்கிறியே பாப்பா, ஏன்?"

எனக்குச் சுருக்கென்றது. பல நாள் கழித்துத்தான் அதன் பொருள் விளங்கியது. அந்தத் தாலாட்டு மோகனத்தின் சாயலில் அமைந்தது: ச ரி க ப த. இதில் மவும் இல்லை, நியும் இல்லை. எந்த இரண்டு சுரங்களும் அரைக்கட்டை நெருக்கத்தில் இல்லை. டிரைடோன் இணை ஒன்றுகூட இல்லை. ஐந்தையும் ஒன்றாக அழுத்தினாலும் காது சுளிக்காது. இறுக்கமே இல்லாத வீடு அது. பிள்ளையைத் தூங்க வைக்க வேறென்ன வேண்டும்? நானோ அந்த வீட்டில் இல்லாத இரண்டு சுரங்களை, அதுவும் உலகிலேயே அதிகமாகத் தவிக்கும் இரண்டைக் கொண்டுபோய் ஏணைக்கு அடியில் வைத்துவிட்டேன். (மோகனத்தைப் பழந்தமிழரின் முல்லைப்பண் என்பர். சீனரின் 'மோ லி ஹுவா' பாட்டும் இதே ஐந்து சுரத்தில்தான் நடக்கிறது. அதன் பெயருக்கு மல்லிகைப் பூ என்று பொருள். ஈப்போவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும்.)

அதற்குப் பிறகு ராகங்களைக் கட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. அம்சத்வனி ச ரி க ப நி. நி உண்டு, ம இல்லை. ஆகவே வாசற்படி உண்டு, சாத்தான் இல்லை. துள்ளலோடு வீடு திரும்பும் அதன் குணத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணுகிறேன். நாம் சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளையில் சவுக்கு மேலே அரைக்கட்டையில் ரி, கீழே அரைக்கட்டையில் நி. வீட்டுக்கு இருபுறமும் வாசற்படி! அதிலுள்ள ப, நி, ரி, மவை ஒன்றாக அழுத்திப் பின் ச-க-பவுக்கு வந்து பாருங்கள். சங்கராபரணத்தைவிட இறுக்கம் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். தோடியைப் பியானோவில் தொடாதிருப்பதே நல்லது. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவுதான் அதன் உயிர். கட்டையோ அசையாது. அசையும் சுரத்துக்கு அசையாத கார்டைக் கட்டுவது ஆற்றில் போகும் படகுக்குக் கரையில் கயிறு கட்டுவதாகும். சுரத்தை அசைக்க முடியாத இந்தக் குறைக்காகத்தான் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்து, 1971 வரை உள்ளே விடவில்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "நல்ல வேள, நம்ம மாரியாத்தா வானொலி நடத்தல" என்றார்.

தாலாட்டை மறுபடி அமைத்தேன். இம்முறை இரண்டே கார்டுகள்: ச-க-ப, த-ச-க. இரண்டும் மோகனத்துக்குள்ளேயே கிடைப்பவை. மற்ற நேரமெல்லாம் இடது கையில் சவும் பவும் மட்டும், ஏணை ஆடும் கதியில். இதை எந்த மேடையிலும் வாசிக்கவில்லை.

அந்த ஆண்டுத் தீபாவளி விடுமுறையில் ஒரு மாலை, தாத்தா ஆர்மோனியத்தில் சங்கராபரணத்தில் ஒரு பஜனைப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் என் கீபோர்டில் சேர்ந்துகொண்டேன். கடைசி அடி. அவர் விரல் ஏழாம் கட்டைக்கு வந்தது; காற்றுதான் வந்தது. வழக்கம்போல் பாட வாயைத் திறந்தவர், அதற்குள் நான் ப-நி-ரி-மவை அழுத்திவிட்டதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். நானும் வேண்டுமென்றே அங்கேயே நின்றேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். துருத்தியை அழுத்தியபடியே தாத்தா என்னைப் பார்த்தார்.

"வாசப்படியில நிக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சவை அவரே பாடினார்.